கணக்குக் காட்டாதாரும் அவர் சுற்றத்தாரும்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் பெயரைக் கேளாத தமிழ் மேடை அரிது. குடவோலை என்னும் சொல் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. 2020 டிசம்பரில் புதுதில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் இக்கல்வெட்டு எடுத்துரைக்கப்பட்டது. மக்களாட்சியை உலகுக்குக் கற்பித்தவன் தமிழன் என்னும் முழக்கத்துக்கு இதனைச் சான்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. முழக்குவோருள் அதன் வாசகத்தை முதலிலிருந்து இறுதி வரை படித்தவர் எத்துணைப் பேர் என்பது ஐயத்துக்குரியது. படித்தவர்க்கு அதில் முதற்கண் புலப்படுவது பெருமிதமன்று, அச்சம். ஊரின் பொன்னும் நெல்லும் ஏரியும் தகாதவர் கையில் சிக்கிவிடுமோ என்னும் அச்சம். அவ்வச்சத்தை வாய்ப் புலம்பலாக விட்டுவிடாமல் விதிகளாக வார்க்கத் தெரிந்திருந்தமையே அவ்வூர்ச் சபையாரின் தனிச்சிறப்பு.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர், சோழர் காலத்தில் காலியூர்க் கோட்டத்தில் அடங்கிய சதுர்வேதிமங்கலம். பிராமணர்க்கு வழங்கப்பட்ட பிரமதேய ஊர். முப்பது குடும்புகளாகவும் பன்னிரண்டு சேரிகளாகவும் அது பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றதொரு பிரிவு. சேரி என்பதற்கு அந்நாளில் தெரு அல்லது குடியிருப்புப் பகுதி என்பதே பொருள்; பிற்காலம் அச்சொல்லின் மேல் ஏற்றிய இழிவு அன்று அதற்கில்லை. அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில், மதிரைகொண்ட கோப்பரகேசரிவர்மன் எனப்பெறும் முதலாம் பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில் ஒன்றும், பதினான்காம் ஆட்சியாண்டில் மற்றொன்றுமாக இரண்டு தீர்மானங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆங்கில ஆண்டுக் கணக்கில் அவை 919, 921. தொல்லியல் துறையின் 1904-05ஆம் ஆண்டறிக்கையில் வெங்கையா இவற்றை வெளியிட்டார். பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய தம் 1932ஆம் ஆண்டு நூலில் இவற்றை மீண்டும் விரிவாக ஆராய்ந்தார்.

மேடைகளில் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து "உத்திரமேரூர்க் கல்வெட்டு" என ஒருமையில் சுட்டுவர். அங்ஙனம் குழைக்கும்போது பொருளின் உயிர்நாடியே நழுவிவிடுகிறது. ஒரே ஊர், ஒரே சபை, ஒரே அரசன். அவ்வாறிருக்க, ஈராண்டுக்குள் அதே பொருள் பற்றி இரண்டாம் முறை ஏன் தீர்மானம் செய்ய நேர்ந்தது? சந்திர சூரியர் உள்ளவரை நடப்பதாகச் செய்த ஏற்பாட்டை எவரும் காரணமின்றி இருபத்துநான்கு திங்களில் திருத்தமாட்டார்கள்.

சபை உறுப்பினர்க்குத் தகுதி வகுக்கும் வழக்கம் உத்திரமேரூரில் தோன்றியதன்று. திருநெல்வேலிப் பக்கத்து மானூரில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு; ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தது எனக் கருதப்படுவது. மன்றில் அமர்ந்து பேசும் உரிமை யாருக்கு உண்டு என்பதை அது கல்வியையும் ஒழுக்கத்தையும் அளவாகக் கொண்டு வரையறுக்கிறது. முன்வைக்கப்படும் எதற்கும் "அன்று" என்று மறுத்து நின்று கூட்டத்தைக் குலைப்பவர்க்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது. கூட்டம் நடவாமற் செய்வதும் ஒரு கலையாக அன்றே வளர்ந்திருந்தது போலும். மானூரார் கவலை மன்றின் அமைதி பற்றியது. ஒரு நூற்றாண்டு கழித்து உத்திரமேரூரார் கொண்ட கவலை பணம் பற்றியது.

919ஆம் ஆண்டுத் தீர்மானம் சுருக்கமானது. வரி செலுத்தும் நிலம் உடையவராய், தம் மனையிற் கட்டிய வீட்டில் வாழ்பவராய், முப்பது வயதுக்கு மேல் அறுபதுக்கு உட்பட்டவராய், வேதக் கல்வியும் காரியத் திறமும் உடையவராய், நேர்வழியில் ஈட்டிய பொருளும் தூய ஒழுக்கமும் கொண்டவராய், முந்திய மூன்றாண்டுகளில் எவ்வாரியத்திலும் பணி செய்யாதவராய் இருத்தல் வேண்டும். வாரியம் என்பது ஊர்க்காரியத்தின் ஒரு துறையை நடத்தும் குழு. வாரியம் செய்து ஒழிந்தார்க்கு அணுக்க உறவினராய் இருத்தலும் கூடாது என்று அத்தீர்மானம் பொதுப்படக் கூறி அமைந்துவிட்டது.

"அணுக்க உறவினர்" என்னும் தொடர் கேட்பதற்கு நன்றாகத்தான் உள்ளது. ஆயின் உறவின் அணுக்கத்தை அளக்கும் கோல் யாரிடம் உள்ளது? அத்தை மகன் அணுக்கமா, சேய்மையா? மைத்துனன் வேறு குடும்பில் வாழ்கிறான். அவன் உறவினன் ஆவானா? இத்தகைய வழக்காடல்களுக்கு இடங்கொடுத்த சொற்றொடர் அது. 921ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் படிக்கும்போது, அவ்வழக்காடல்கள் அனைத்தும் உண்மையிலேயே அம்மண்டபத்தில் எழுந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. ஏனெனில் இரண்டாம் தீர்மானம் "அணுக்கம்" என்னும் சொல்லை நம்பவில்லை. உறவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குகிறது.

வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் பெயர் குடத்தில் இடப்பெறாது. அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடு உடன்பிறந்தவன், தந்தையோடு உடன்பிறந்தவன், தன்னோடு உடன்பிறந்தவன், பெண் கொடுத்த மாமன், மனைவியோடு உடன்பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், அவள் மக்கள், தன் மகளை மணந்த மருமகன், தந்தை, மகன் ஆகியோர் பெயர்களும் இடப்பெறா. தந்தைவழி, தாய்வழி, மனைவிவழி, உடன்பிறந்தாள்வழி என நான்கு வாயில்களும் அடைபடுகின்றன. தமிழ்க் குடும்ப அமைப்பை நன்கறிந்தவர் எழுதிய விதி இது. ஒருவன் விலகி, தன் மைத்துனனை அமர்த்தி, அவன் வாயிலாகத் தானே ஆள்வது எவ்வளவு எளிது என்பதை நேரிற் கண்டவர்க்கன்றி இத்தகைய பட்டியல் கைவராது. உறவுமுறைப் பெயர்களை ஆராய்வோர்க்கும் இப்பகுதி அரியதொரு களஞ்சியம். ஆனால் சபையார் மொழியாராய்ச்சிக்காக அதனைச் செதுக்கவில்லை.

பிற மாற்றங்களும் உள்ளன. வயது வரம்பு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்றாயிற்று. கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் வேண்டும் என்ற விதிக்கு ஒரு விலக்கு அளிக்கப்பட்டது: ஒரு வேதமும் நான்கு பாடியங்களுள் ஒன்றும் கற்று விளக்க வல்லவனாயின் அரைக்கால் வேலி உடையவனும் தகுதி பெறுவான். பெருங்குற்றங்கள் புரிந்தார், பிறர் பொருளைக் கவர்ந்தார், பொய்யோலை புனைந்தார், ஊர்க்கு முள்ளாய் இருந்தார் ஆகியோர் விலக்கப்பட்டனர். கழுதை ஏறியவரும் விலக்குப் பட்டியலில் உள்ளனர். படிப்போர் இதனைக் கண்டு நகைப்பதுண்டு. குற்றவாளியைக் கழுதைமேல் ஏற்றி ஊர் சுற்றி வரச்செய்யும் தண்டனையை நினைவிற் கொண்டால் நகைப்பு அடங்கும்.

இனிக் குடத்துக்கு வருவோம். குடமும் ஓலையும் தமிழிலக்கியத்துக்குப் புதியன அல்ல. அகநானூற்றின் 77ஆம் பாடலில் பாலை நிலத்துப் பிணத்தின் குடரைப் பருந்தினம் பிடுங்கி இழுக்கும் காட்சிக்கு, கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடத்தைத் திறந்து ஆவண மாக்கள் ஓலைகளை வெளியே எடுக்கும் செயல் உவமையாகிறது. அவ்வோலைகளில் எழுதியிருந்தது யாது எனப் பாடல் கூறவில்லை. எனினும் பொதுக்காரியத்துக்குரிய குடம் முத்திரையிடப்பட வேண்டும், முத்திரையைச் சரிபார்த்த பின்னரே திறக்கப்பட வேண்டும் என்னும் எச்சரிக்கை உணர்வு அந்த உவமையிலேயே இருக்கிறது. குடவோலையைப் போற்றுவோர் இப்பாடலைச் சான்றுகாட்டுவர். உவமைக்குரிய பொருள் இத்துணைக் கொடியது என்பதைச் சொல்லாமல் விடுவர்.

உத்திரமேரூரில் ஓலை எடுக்கும் முறை 921ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் அசைவு அசைவாகக் கூறப்படுகிறது. முப்பது குடும்பினரும் தத்தம் குடும்பில் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதுவர். ஒரு குடும்பின் ஓலைகள் ஒரு கட்டு. கட்டின் மேல் குடும்பின் பெயர் தாங்கிய வாயோலை. கட்டுகள் அனைத்தும் குடத்துள் இடப்படும். குடவோலை எடுக்கும் நாளில் சிறியோரும் முதியோருமாகப் பெருங்குறி மகாசபை முழுமையும் கூட வேண்டும். அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் மண்டபத்துள் அமர வேண்டும். அவருள் மூத்தவர் எழுந்து, மேல்நோக்கியவாறு, எல்லாரும் காணும்படி குடத்தை ஏந்தி நிற்பார். உள்ளிருப்பதன் வேறுபாடறியாத சிறுவன் ஒருவன் கைவிட்டு ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டை அவிழ்த்து வேறொரு வெற்றுக் குடத்திலிட்டுக் குலுக்குவர். அதிலிருந்து அச்சிறுவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையிற் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்க வேண்டும். அவன் படித்த பின், அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். அதன் பிறகே அப்பெயர் ஏற்கப்படும்.

ஐந்து விரல் விரிப்பானேன்? மடக்கிய விரலுக்குள் வேறோர் ஓலை மறைந்திருக்கலாம். மூத்த நம்பி மேலே நோக்குவானேன்? கண்ணாற் குறிப்புக் காட்டலாகாது. மத்தியஸ்தன் படித்தது போதாதா? அவன் எழுதியிருப்பது ஒன்றும் வாசிப்பது ஒன்றுமாகச் செய்யலாம். இவ்விதிகள் ஒவ்வொன்றும் ஒரு வினாவுக்கு விடை. ஒவ்வொரு வினாவுக்குப் பின்னும் ஒரு மோசடியோ மோசடி பற்றிய ஐயமோ நின்றிருக்க வேண்டும். கோயில் நம்பியையும் ஊர் நடுவனையும் கூட ஐயத்துக்கு அப்பாற்பட்டவராக விதி கொள்ளவில்லை. அவர்களை இழிவுபடுத்தவும் இல்லை. கையை விரித்துக் காட்டுவது எல்லார்க்கும் பொது என்று ஆக்கிவிட்டால் அதில் எவர்க்கும் மானக்கேடு இல்லையன்றோ?

இங்ஙனம் குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் அமைவர். தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்னரே செய்து பழகியவரும் கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவருமான பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கும், எஞ்சியோருள் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் செல்வர். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் இவ்வாறே ஓலை எடுக்கப்படும். பஞ்சவாரம் என்பதன் பொருள் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பொன் வாரியம் பொன்னின் மாற்றுப் பார்ப்பது. ஏரி வாரியத்தின் பொறுப்பில் இருந்தது வைரமேகத் தடாகம் எனப் பல்லவர் காலந்தொட்டு வழங்கிய பேரேரி. தூர் வாராவிடின் ஊர் முழுதும் பட்டினி. ஆறு பேர் கையில் அவ்வளவு பெரிய பொறுப்பு. அதுவும் முந்நூற்றறுபது நாளைக்கு மட்டும். அதற்குள் குற்றம் காணப்பட்டால் உடனே நீக்கம்.

ஓராண்டே பதவி, பின் மூவாண்டு விலகல் என்பதில் ஓர் இழப்பும் உண்டு. ஏரியின் மதகையும் கலிங்கையும் கற்றுத் தேர்வதற்குள் ஆண்டு முடிந்துவிடும். சபையார் இதனை அறியாதவரல்லர். பழகியவரைச் சம்வத்சர வாரியத்தில் அமர்த்தும் விதியே அதற்குச் சான்று. திறமை சற்றுக் குறைந்தாலும் குறையட்டும், வேரூன்றல் ஆகாது என்று தேர்ந்திருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாகத் தேர்ந்து, வல்லாளர் கையில் ஊரை நெடுங்காலம் ஒப்படைத்து வளம் கண்ட ஆட்சிகளும் வரலாற்றில் உண்டு. ஆனால் அவ்வல்லாளர்க்குப் பின் வந்தவர் யார் என்பதையும் சேர்த்தே அவற்றை எடைபோட வேண்டும்.

கணக்கைப் பற்றிய விதி இக்கல்வெட்டில் பலரும் கடந்து சென்றுவிடும் பகுதி. ஊழலைத் தடுப்பதில் குடத்தினும் வலியது அதுவே. நேர்மையாகப் பொருளீட்டிய மத்தியஸ்தனே கணக்கு எழுத வேண்டும். எழுதிய கணக்கை அவனே பெருங்குறிப் பெருமக்கள் முன் வைத்துத் தூயவன் என ஏற்கப்பட்ட பின்னரன்றி மறுபடியும் கணக்கெழுதப் புகலாகாது. அவன் கணக்கை வேறொரு கணக்கன் புகுந்து முடித்துக் கொடுத்தலும் ஆகாது. வந்தவன் போனவன்மேலும், போனவன் வந்தவன்மேலும் பழி போடும் நெடுநாள் விளையாட்டு இந்த ஒரு விதியால் முடிந்துபோகிறது. இன்றைய இந்தியாவில் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி, தேர்தல் செலவுக் கணக்கை உரியவாறு தாக்கல் செய்யாதவரை மூன்றாண்டுக்குத் தகுதியிழக்கச் செய்யலாம். அவருடைய மைத்துனருக்கு யாதொரு தடையும் இல்லை.

உறவினரைத் தண்டிப்பது அறமாகுமா என்னும் வினா இயல்பாக எழும். சிற்றன்னை மகன் செய்த பிழைக்கு ஒருவன் வாரியப் பேற்றை இழப்பது இன்றைய நீதி உணர்வுக்கு ஒவ்வாது. சோழர் காலச் சட்டம் உறவைத் தனிமனிதனிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்ற குற்றத்துக்காக முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் உடையார்குடிச் சாசனம், குற்றவாளிகளோடு அவர்தம் சுற்றத்தாரின் உடைமைகளையும் பறிக்க வகைசெய்ததை வரலாறு கற்றோர் அறிவர். உத்திரமேரூரில் அம்முறையே மென்மையான வடிவில் வருகிறது. இங்கு உறவினரின் சொத்தும் உயிரும் தொடப்படவில்லை. பொதுப்பணத்தைத் தொடும் வாய்ப்பு மட்டுமே மறுக்கப்படுகிறது.

இத்தனையும் ஊரார் தாமே செய்துகொண்டவையா? கல்வெட்டு வேறொன்றும் கூறுகிறது. அரசனின் திருமுகம் வந்தது. சபை அதனைக் கண்டது. அரசன் ஆணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருக்க ஏற்பாடு செய்யப்பட்டது. முதல் முறை வந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். இரண்டாம் முறை வந்தவர் சோழ நாட்டுப் புறங்கரம்பை நாட்டைச் சேர்ந்த சோமாசிபெருமான். நீலகண்ட சாஸ்திரியார் இதில் வலிய மைய அரசும் உரிமையுள்ள ஊராட்சியும் இணைந்து இயங்குவதைக் கண்டார். 1980இல் பர்ட்டன் ஸ்டெயின் எழுதிய நூல் சோழ அரசின் மைய வலிமையையே கேள்விக்குள்ளாக்கியது. அவ்விவாதம் எங்ஙனம் முடியினும், ஈராண்டில் இருமுறை அதிகாரி வந்தமர்ந்ததை மறுக்க இயலாது. கணக்கு ஒழுங்கற்ற ஊரிலிருந்து அரசிறையும் ஒழுங்காக வாராது. ஆகவே அரசனுக்கும் இதில் நாட்டம் இருந்திருக்கும். எனினும் அவன் தன் ஆளை ஊரில் நிலையாக அமர்த்தி ஆளவில்லை. ஊரார் கையிலிருந்த கருவியைச் செப்பனிட்டுவிட்டு அதிகாரி திரும்பிவிட்டார். பின்னாளில் தக்கோலப் போருக்குப் பின் தொண்டை மண்டலம் இராட்டிரகூடர் வசமானபோது, கன்னரதேவன் பெயராலும் உத்திரமேரூரில் கல்வெட்டுகள் எழுந்தன. அரசர் மாறினர், சபை இருந்தது.

குலுக்கலும் சிறுவனும் உறவினர் விலக்கும் தமிழர்க்கு மட்டும் தோன்றிய எண்ணங்கள் அல்ல. இத்தாலியின் கடலோர வணிகக் குடியரசாகிய வெனிஸ் 1268இல் தன் தலைவனான தோஜைத் தேர்ந்தெடுக்க வகுத்த முறை, உத்திரமேரூர் முறையை எளியதாகத் தோன்றச் செய்யும். பெருமன்றத்திலிருந்து குலுக்கலால் முப்பதின்மர். அவரிலிருந்து குலுக்கலால் ஒன்பதின்மர். அவர் தேர்வது நாற்பதின்மர். அந்நாற்பதிலிருந்து குலுக்கலால் பன்னிருவர். இப்படியே குலுக்கலும் தேர்வும் மாறிமாறிச் சென்று இறுதியில் நாற்பத்தொருவர் கூடி ஒருவரைத் தெரிவு செய்வர். ஒரு குடும்பத்திலிருந்து இருவர் புகலாகாது. குலுக்கலில் உருண்டைகளை எடுத்துக் கொடுப்பவன் அங்கும் ஒரு சிறுவனே. கடலுக்கப்பால் மூன்று நூற்றாண்டு கழித்துத் தோன்றிய அச்சிறுவனுக்கும் உத்திரமேரூர்ச் சிறுவனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெரியவர்கள் தம்மைத் தாமே நம்பாத இடத்தில் குழந்தையின் கையை நாடுகிறார்கள் என்பதே தொடர்பு. வெனிஸின் இம்முறை 1797இல் நெப்போலியன் முன் அக்குடியரசு வீழும்வரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

அருகிலிருந்த பிளாரன்சு நகரமும் 1328 முதல் குலுக்கலையே நம்பியது. தகுதியுடையார் பெயர்கள் பைகளில் இடப்பட்டன. இரண்டு திங்களுக்கு ஒருமுறை புதிய ஆட்சிக்குழு குலுக்கலால் அமைந்தது. அண்மையில் பதவி வகித்தவரின் உறவினர்க்கு அங்கும் தடை இருந்தது. தாள் அளவில் நோக்கினால் அது உத்திரமேரூருக்கோ வெனிஸுக்கோ சற்றும் தாழ்ந்ததன்று. 1434இல் நாடுகடத்தலிலிருந்து மீண்ட கோசிமோ டி மெடிசி இவ்விதிகளில் ஒன்றையும் அழிக்கவில்லை. பைகளில் பெயர் இடும் அதிகாரிகளை மட்டும் தம் பக்கத்தவராக்கிக் கொண்டார். குலுக்கல் நடந்தது, பெயர்கள் வந்தன, ஈரிரு திங்களுக்குக் குழு மாறியது. வந்த பெயர்கள் யாவும் மெடிசி குடும்பத்துக்கு உகந்தவை. அரசன் என்னும் பட்டமின்றியே மூன்று தலைமுறை அக்குடும்பம் அந்நகரை ஆண்டது.

பிளாரன்சைக் கண்ட பின் உத்திரமேரூருக்கு மீண்டால், குடத்தை யார் ஏந்தினார் என்பதனினும் குடத்துள் பெயரை யார் இட்டார் என்பது பெரிதாகத் தெரிகிறது. இங்கே முப்பது குடும்பினரும் தாமே கூடித் தம் பெயர்களை எழுதினர். முப்பது கைகள் எழுதுவதை ஒரு கை மாற்றுவது கடினம். மெடிசியின் வழி உத்திரமேரூரில் எளிதிற் செல்லாது.

ஆனால் எந்த முப்பது குடும்பினர்? இவ்விடத்தில் மேடைப் பேச்சு மௌனமாகிவிடுகிறது. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர் பெயர்களே ஓலையில் ஏறின. அந்நிலத்தை உழுதவர், அவ்வேரியில் மண் சுமந்தவர், பொன்னை உருக்கியவர், நூல் நூற்றவர், பறையடித்தவர், அடிமையாய் விற்கப்பட்டவர் ஆகிய எவர் பெயரும் எக்கட்டிலும் இல்லை. பெண்கள் பெயரும் இல்லை. வேளாளர் வாழ்ந்த ஊர்களுக்கு ஊர் என்னும் அவையும், வணிகர்க்கு நகரம் என்னும் அவையும் தனியே இருந்தன. நிலமற்றவர்க்கு எவ்வவையும் இருந்ததாகக் கல்வெட்டு இல்லை. கணக்கில் இத்துணைக் கண்டிப்பாக இருந்த சபை, அக்கணக்கில் வரவாக எழுதப்பட்ட நெல்லை விளைத்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை தரவில்லை. ஏதென்சும் வெனிஸும் இதில் சிறந்தன அல்ல. ஏதென்சில் ஐந்நூற்றுவர் மன்றம் குலுக்கலால் அமைந்தது, பதவி முடிவில் கணக்கு ஒப்புவித்தல் கட்டாயமாயிருந்தது. ஆயினும் அடிமைகளும் பெண்களும் வெளியூரார் வழிவந்தோரும் புறத்தே நின்றனர். வெனிஸ் 1297இல் பெருமன்றத்தின் வாயிலைச் சில நூறு குடும்பங்களுக்குள் அடைத்தது. நல்லாட்சி வேறு, மக்களாட்சி வேறு. திருடாத அவை எல்லார்க்கும் உரிய அவையாகிவிடாது. எல்லார்க்கும் உரிய அவை திருடாத அவையாகிவிடும் என்ற உறுதியும் இல்லை.

பிந்தியதை அண்மைக் காலம் காட்டியது. அரசமைப்புச் சட்டத்தின் எழுபத்துமூன்றாம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் வழியே 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கும், மக்கள்தொகைக்கேற்ற இடங்கள் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கப்பட்டன. தலைவர் பதவிகளும் இவ்வொதுக்கீட்டுக்கு உட்பட்டன. பெண்களின் பங்கு பின்னர் 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் எந்தக் கட்டிலும் இல்லாத பெயர்கள் அனைத்தும் சட்டப்படி குடத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் சிற்றன்னை மகனையும் மைத்துனனையும் பெயர் சொல்லி விலக்கிய பழைய விதி இச்சட்டத்தில் இல்லை. பெண்ணுக்கு ஒதுக்கிய நாற்காலிக்குப் பின்னே கணவரோ தமையனோ நின்று கையொப்பம் வாங்கிய ஊர்கள் பல. 921இல் அடைத்த வாயில்களுள் ஒன்று 1996இல் திறந்தே கிடந்தது.

புதிய பெயர்கள் குடத்தில் விழுவதையே பொறாத ஊர்களும் இருந்தன. மதுரை மாவட்டம் மேலூர் அருகே மேலவளவில் தலைவர் பதவி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலையும் தடைகளையும் மீறித் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், பதவியேற்று ஓராண்டும் நிறையாத நிலையில், 1997 ஜூன் 30 அன்று உடன் வந்தோர் சிலரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளிலும் பத்தாண்டுக் காலம் முறையான தேர்தல் நடக்கவொட்டாமல் தடுக்கப்பட்டது. வேட்பாளர் முன்வராமற் செய்தனர். முன்வந்து வென்றவரையும் பதவியேற்ற கையோடு விலகச் செய்தனர். உத்திரமேரூர்ச் சபையார் எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லாத மோசடி இது. குடத்துள் கை வைப்பதைத் தடுக்க அவர்கள் விதி செய்தார்கள். குடத்துள் விழுந்த பெயரை உடையவனையே அழிப்பதைத் தடுக்கும் விதி அங்கில்லை, ஏனெனில் அத்தகையவன் பெயர் அக்குடத்துள் விழ வழியே இல்லை.

அந்நான்கு ஊர்களிலும் 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது. இம்முறை வென்றவர்கள் விலகவில்லை.